ஷிப்ட் வீட்டில் ஒரு படிப்புத் திட்டம்

ஜூலை மாதக் காலையில் வடக்குத்து பஸ் நிறுத்தத்தில் நின்றால், எந்தப் பிள்ளை கல்லூரிக்குப் புதுசு என்று பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிலர் டவுன்ஷிப்புக்குள் இருக்கும் ஜவகர் அறிவியல் கல்லூரிக்குப் போவார்கள். சிலர் விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, சிலர் கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி, இன்னும் சிலர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இவர்களில் நிறையப் பேருக்கு, வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளே அவங்கதான். அதனால் "எப்படிப் படிக்கணும்?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

நான் சில வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பிள்ளைகள் சிலரோடு உட்காருகிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ஒரே கோரிக்கைதான் வரும்: "மாமா, ஒரு டைம்டேபிள் போட்டுக் குடுங்க." பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகூட ஒன்றோ இரண்டோ அரியரோடு வந்து நிற்கும். இந்தக் கட்டுரை அந்தக் கோரிக்கைக்கு நான் சொல்லும் பதில். கற்றல் பற்றி நடந்த சில நல்ல ஆய்வுகளும் நம்ம ஊர் நிலவரமும் இதில் சேர்ந்திருக்கும்.

பள்ளிக்கூடம் போட்ட திட்டம்

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை திட்டம் போடுவதில்லை, பள்ளிதான் போட்டது. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் தேர்வு, சனிக்கிழமை இன்னொரு தேர்வு, காலாண்டு, அரையாண்டு, மூன்று திருப்புதல் தேர்வுகள். ஒரே பாடத்தைப் பிள்ளை ஏழெட்டு முறை எழுதிவிட்டுத்தான் பொதுத்தேர்வுக்குப் போயிருக்கும்.

கல்லூரியில் அந்த ஏற்பாடு அப்படியே காணாமல் போய்விடுகிறது. செமஸ்டருக்கு 90 வேலை நாள். இரண்டு மூன்று இன்டர்னல் தேர்வு. பிறகு நேராக செமஸ்டர் தேர்வு. நடுவில் யாரும் "படிச்சியா?" என்று கேட்பதில்லை. பிள்ளைக்கு மூளை மழுங்கவில்லை. திரும்பத் திரும்ப எழுத வைத்த கை ஒன்று இருந்தது, அது விலகிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கையின் வேலையை இனி யார் செய்வது என்பதுதான் கேள்வி. சுவரில் ஒட்டும் அட்டவணை அதற்கு விடை ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

168 மணி நேரக் கணக்கு

எங்க தெருவில் ஒரு பொண்ணு. பி.எஸ்சி. இயற்பியல், முதல் வருஷம், கடலூருக்குப் போய் வருகிறாள். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி, ஷிப்ட் வேலை. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். அவள் கொண்டு வந்த டைம்டேபிள் அழகாக இருந்தது: காலை 4 முதல் 6, இரவு 8 முதல் 11, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம். வாரத்துக்குக் கூட்டினால் 43 மணி நேரம்! "எத்தனை நாள் இதன்படி படிச்சே?" என்று கேட்டேன். "நாலு நாள் மாமா" என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வாரத்தைக் கணக்குப் போட்டோம். வாரத்துக்கு 168 மணி. தூக்கம் நாளுக்கு ஏழு என்றால் 49. வகுப்பு 30. கல்லூரியில் சாப்பாட்டு வேளை, இடைவேளை 5. வீட்டு வாசலிலிருந்து கல்லூரி வாசல் வரை, பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்து, போக வர நாளுக்கு மூன்று மணி, ஆக 15. குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது 21. தண்ணி பிடிப்பது, சமையலில் கூட நிற்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது 14. மொத்தம் 134. மிச்சம் 34. போனுக்கு எவ்வளவு என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து "ரெண்டு மணி" என்றாள். வாரத்துக்கு 14. இப்போது மிச்சம் 20.

இருபதையும் அப்படியே படிப்புக்கு எழுதிவிடலாமா? கூடாது. 1994இல் ரோஜர் பூலர் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான கணிப்பையும் தாண்டிவிட்டது. நாம் நினைப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கிறது. இதற்குத் 'திட்டமிடல் மயக்கம்' என்று பேர் சொல்லலாம். சோம்பேறிகளுக்கு மட்டும் வருவது இல்லை இது. வேலையைக் கற்பனை செய்யும்போது நடுவில் வரும் காய்ச்சலும் கல்யாணமும் பஸ் வராத நாளும் மனசில் வருவதில்லை.

அந்த விகிதத்தில் 20ஐ வகுத்தால் சுமார் 12. அவளுடைய வாரத் திட்டம் 12 மணி நேரம்தான். 43ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதியபோது அவள் முகத்தில் ஒரு பயம். "இது பத்துமா மாமா?" பத்தும், ஆனால் அந்த 12 மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று ஷிப்ட், மூன்று வாரம்

டைம்டேபிள் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "தினமும் ஒரே நேரத்தில் படி" என்கிறார்கள். நல்ல யோசனைதான், வீட்டில் தினமும் ஒரே மாதிரி விடிந்தால். நெய்வேலியைச் சுற்றியுள்ள வீடுகளில் பாதிக்கு அப்படி விடிவதில்லை. 1957இல் சுரங்க வேலை தொடங்கியதிலிருந்து இந்த ஊர் காலை, மதியம், இரவு என்று ஷிப்ட் கணக்கில்தான் இயங்குகிறது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் வீடு சத்தமில்லாமல் இருக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அவர் தூங்கும்போது சத்தம் போட்டுப் படிக்க முடியாது. காலை ஷிப்ட் என்றால் விடியுமுன்னே அம்மா எழுந்து சாப்பாடு கட்டுவார், அப்போது வீட்டில் விளக்கு எரியும், பிள்ளையும் எழுந்துகொள்ளலாம். மதிய ஷிப்ட் என்றால் அவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை இரவு வீடு விழித்திருக்கும்.

ஆக, அதிகாலை நாலு மணி அட்டவணை ஒரு வாரம் ஓடும், அடுத்த வாரம் தடுமாறும், மூன்றாம் வாரம் படுத்துவிடும். பிள்ளை "எனக்கு ஒழுங்கு இல்லை" என்று தன்னையே திட்டிக்கொள்ளும். தப்பு பிள்ளை மேல் இல்லை. வீட்டின் தாளம் ஒன்று, தாளில் எழுதிய தாளம் வேறு.

நாங்கள் செய்தது இது. ஒரே அட்டவணைக்குப் பதில் மூன்று. காலை ஷிப்ட் வாரத்தில் விடியற்காலை ஒன்றரை மணி நேரம். மதிய ஷிப்ட் வாரத்தில் இரவு. நைட் ஷிப்ட் வாரத்தில் கல்லூரி விட்டதும் அங்கேயே நூலகத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த பஸ். மணி மாறும், வாரத்துக்கு 12 என்ற அளவு மாறாது.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து செய்த ஆய்வுகள் இங்கே உதவும். "இந்த வாரம் நல்லாப் படிக்கணும்" என்று தீர்மானம் எடுப்பவரைவிட, "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று எழுதி வைப்பவர்தான் அதிகம் செய்து முடிக்கிறார் என்று அவர் காட்டினார். "பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் நேற்றைய பாடத்தின் ஐந்து கேள்வி. நிற்க வேண்டி வந்தால் மனசுக்குள் இரண்டு சூத்திரம்." இப்படி எழுதினால், அந்த நேரத்தில் புதிதாக முடிவெடுக்கும் பாரம் இல்லை.

கேள்வித்தாளிலிருந்து பின்னோக்கி

அடுத்தது, எதைப் படிப்பது. நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு பேப்பருக்கு ஐந்து யூனிட். இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. பரவலாக இருக்கும் கேள்வித்தாள் அமைப்பு இப்படி: இரண்டு மார்க் கேள்வி பத்து, யூனிட்டுக்கு இரண்டு. ஐந்து மார்க் கேள்வி ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று, 'இது அல்லது அது'. பத்து மார்க் கேள்வி ஐந்து, அதில் மூன்று எழுதினால் போதும். 20 கூட்டல் 25 கூட்டல் 30, மொத்தம் 75. எழுத்துத் தேர்வில் 40 சதவீதம், அதாவது 30 எடுத்தால் தேர்ச்சி. உங்கள் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் மாறலாம், விதிமுறைத் தாளை வாங்கிப் பாருங்கள்.

இதை வைத்துப் பிள்ளைகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். "மூணு யூனிட் படிச்சாப் போதும்." கணக்கைப் பார்ப்போம். மூன்று யூனிட் முழுசாகத் தெரிந்தால் இரண்டு மார்க்கில் 12, ஐந்து மார்க்கில் 15, பத்து மார்க்கில் 30, மொத்தம் 57 வரை எழுதலாம். தேர்ச்சிக்கு 30தானே வேண்டும்? அதனால் தந்திரம் சரி மாதிரித் தெரிகிறது.

ஆனால் எழுதியதற்கெல்லாம் முழு மார்க் யாருக்கு விழுகிறது? எழுதியதில் 60 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 57இல் 34. பிழைத்தோம். இப்போது அந்த மூன்றில் ஒரு யூனிட்டிலிருந்து வந்த பத்து மார்க் கேள்வி மட்டும் பழக்கமில்லாததாக வந்துவிட்டது. எழுதக்கூடியது 47 ஆகிறது. 60 சதவீதம் என்றால் 28. அரியர். ஒரே ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது கதை. ஐந்து யூனிட்டும் அதே 60 சதவீதத் தரத்தில் தெரிந்த பிள்ளைக்கு 75இல் 45. அதே பத்து மார்க் கேள்வி வராமல் போனால், வேறு யூனிட் கேள்வி ஒன்றை எடுத்து எழுதிவிடும். அதனால் நான் சொல்வது: மூன்று யூனிட்டை ஆழமாகப் படிப்பதற்கு முன் ஐந்து யூனிட்டையும் ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

அந்தப் பொண்ணுக்கு இரண்டாம் செமஸ்டரில் கனமான பேப்பர் நான்கு, லேசானது இரண்டு. கனமானதில் 20 யூனிட், லேசானதில் 10. வாரத்தின் 12 மணி நேரத்தில் 10 கனத்துக்கு, 2 லேசுக்கு. 12 வாரத்துக்குக் கனமான பேப்பர்களுக்கு 120 மணி நேரம் வருகிறது. அப்படியென்றால் ஒரு யூனிட்டுக்கு 6 மணி நேரம். "இன்னைக்கு மூணு மணி நேரம் படிக்கணும்" என்பதைவிட "இந்த வாரம் மெக்கானிக்ஸ் ரெண்டாவது யூனிட் முடிக்கணும்" என்பது கையில் பிடிக்கக்கூடிய வேலை. முடிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

தமிழ் வழியிலிருந்து வந்தவர்களுக்கு

அந்த ஆறு மணி நேரத்தில் முதல் மூன்று பாடத்தைப் புரிந்துகொள்ள. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இந்த மூன்றில் பாதி இங்கிலீஷுக்கே போய்விடும். இதை வீணாய்ப் போன நேரம் என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊர்ச் சுரங்கத்தில் லிக்னைட்டைத் தொடுவதற்கு முன் எத்தனை மீட்டர் மேல்மண்ணை வெட்டி அள்ளுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண். அந்த மண்ணையும் கணக்கில் சேர்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள்.

இதற்கு வழி உண்டு. ஒரு யூனிட்டைத் தொடங்கும் முன் அதே தலைப்பைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் படித்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விஷயம் தமிழில் புரிந்த பிறகு இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் அது மொழிப் பிரச்சினையாக மட்டும் நிற்கும். யூனிட்டுக்குப் பத்துப் பதினைந்து கலைச்சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் இரண்டு மாதத்தில் சொந்த அகராதி ஒன்று ஆகிவிடும். ஒரே சொல் நாலு யூனிட்டில் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். முதல் செமஸ்டரில் பிடித்த நேரம் மூன்றாவது செமஸ்டரில் பிடிக்காது.

மூடி வைத்து எழுதுவது

மிச்சம் மூன்று மணி நேரம்தான் இந்தத் திட்டத்தின் உயிர். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பு என்றால் திரும்பப் படிப்பது என்றே நினைக்கிறார்கள். மஞ்சள் மையால் கோடு போட்டு மூன்று முறை வாசிப்பது. 2013இல் ஜான் டன்லாஸ்கியும் அவர் குழுவும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து எடை போட்டார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தரும் வரிசையில் போயின. மேலே நின்றவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

முதலாவதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்தது. மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதி. ஒரு கூட்டம் அதை நான்கு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே முறை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் நான்கு முறை படித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வைத்தபோது தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை படித்தவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது. "எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஹால்ல போனா வரல" என்று பிள்ளைகள் சொல்வதன் காரணம் இதுதான். வாசிக்கும்போது கண்ணுக்குப் பழகுகிறது. தேர்வு கேட்பது கைக்கு வருகிறதா என்பதை.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி செய்ததும் இதுவே. பாடத்தைப் பள்ளி ஏழு முறை எழுத வைத்தது. அந்த வேலையை இனி ஒரு வெள்ளைத்தாள் செய்யும். புத்தகத்தை மூடி, அந்த யூனிட்டில் தெரிந்ததையெல்லாம் இருபது நிமிடம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். சிவப்பாக இருப்பதுதான் அடுத்த முறை படிக்க வேண்டியது.

இரண்டாவது, இடைவெளி. 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து மறதியை அளந்தார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, பிறகு திரும்பக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு நாளில் மிச்சம் சுமார் 34 சதவீதம்தான். ஒரு மாதத்தில் 21. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாகப் போகாது, ஆனால் போகும் விதம் இதேதான்: முதலில் மளமளவென்று, பிறகு மெதுவாக.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். லிக்னைட் படுகைக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதனால் சுரங்கத்தில் பம்புகள் ராப்பகலாக ஓடுகின்றன. ஒரு மாதம் நிறுத்திவிட்டுக் கடைசி வாரத்தில் மொத்தமாக இறைத்துக்கொள்ளலாம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. மறதியும் அந்த மாதிரித் தண்ணீர்தான்.

எத்தனை நாள் இடைவெளி? 2008இல் செபடாவும் குழுவினரும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். தேர்வு 7 நாளில் என்றால் 1 நாள் இடைவெளியும், 35 நாளில் என்றால் 11 நாளும், 70 நாளில் என்றால் 21 நாளும் நன்றாக வேலை செய்தன. நம் செமஸ்டருக்கு இதைச் சுருக்கி இப்படி வைத்துக்கொண்டோம்: யூனிட்டை முடித்த மறுநாள் ஒரு வெள்ளைத்தாள், அடுத்த வாரம் ஒன்று, மூன்று வாரம் கழித்து ஒன்று. ஆறு மணி நேரத்தில் மிச்சமிருந்த மூன்றும் இதற்குத்தான்.

தனியாக எழுதச் சலிப்பாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அதுவும் நினைவிலிருந்து எடுப்பதுதான். இந்த வழி நமக்குப் புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளிடம் பாடம் கேட்டார். 1789இல் எழும்பூர் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முறையை அங்கே நடத்தி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். உலகம் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பேர் வைத்தது. கடலூர் பஸ்ஸில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது அதன் பேரப்பிள்ளை.

மழைக்கு ஒதுக்கிய வாரம்

18 வார செமஸ்டரில் புதுப் பாடத்துக்கு ஏன் 12 வாரம் மட்டும் வைத்தேன்? மூன்று வாரம் இன்டர்னலுக்கும் பழைய கேள்வித்தாளுக்கும். மிச்சம் மூன்று வாரத்தில் எதுவும் எழுதவில்லை, வேண்டுமென்றே.

கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு அக்டோபர், நவம்பரை முழு மாதமாக எண்ணக் கூடாது. ஆயுத பூஜை, தீபாவளி, அதன் கூடவே வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, கடலூரையும் விழுப்புரத்தையும் மூழ்கடித்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் படிப்பு இல்லை, கரண்ட் இல்லை, சில வீட்டில் புத்தகமும் இல்லை. அதுவும் செமஸ்டர் தேர்வை ஒட்டிய நேரம். இதைத் தெரிந்துகொண்டே கடைசி மாதத்தை நம்பிப் பாடத்தைத் தள்ளி வைப்பது நியாயமில்லை. ஒற்றைப்படை செமஸ்டரில் செப்டம்பர் முடியும்போது மூன்றரை யூனிட் முடிந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இரட்டைப்படை செமஸ்டரில் பொங்கல், வடலூர் தைப்பூசம், ஏப்ரல் வெயில். அதற்கும் இடம் விட வேண்டும்.

பிடிக்காத பேப்பர்

திட்டம் போடச் சொன்னால் எல்லாரும் பிடித்த பாடத்துக்கு நல்ல நேரத்தைக் கொடுத்துவிட்டு, பிடிக்காததை "ஞாயிறு மாலை" என்று எழுதுவார்கள். ஞாயிறு மாலை யாராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

சீனிவாச ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. 1914இல் கேம்பிரிட்ஜ் போனது நமக்குத் தெரியும். நடுவில் போன ஆண்டுகளின் வறுமையும் தெரியும். தேர்வு முறை சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் அந்த முறை அன்றைக்கு மாதிரி இன்றைக்கும் எல்லாப் பேப்பரிலும் தேர்ச்சி கேட்கிறது. ஒரு பேப்பர் நின்றாலும் பட்டம் நிற்கும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல கம்பெனிகள் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. அதனால் வாரத்தின் முதல் இரண்டு மணி நேரம், மூளை தெளிவாக இருக்கும் நேரம், பயப்படும் பேப்பருக்கு. அந்தப் பொண்ணுக்கு அது துணைப் பாடமான கணிதம்.

என்ன நடந்தது, எங்கே தொடங்குவது

இரண்டாம் செமஸ்டரில் அவள் 12 மணி நேரத்தை எட்டிய வாரங்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். சில வாரம் எட்டு, ஒரு வாரம் இரண்டு. விடியற்காலைப் படிப்பு அவளுக்கு ஒத்துவரவில்லை, தானே எடுத்துவிட்டு மாலை பஸ்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து எழுத வேண்டிய வெள்ளைத்தாள் பல யூனிட்டுக்கு நடக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு இரண்டாம் செமஸ்டர் பேப்பர் எல்லாம் தேறிவிட்டது, பழைய இரண்டு அரியரில் கணிதம் போனது. இன்னொன்று பாக்கி. "அடுத்த தடவ முடிச்சிடுவேன் மாமா" என்றாள். முன்பெல்லாம் அப்படிச் சொல்லும்போது குரலில் வெறும் ஆசைதான் இருக்கும். இப்போது எந்த யூனிட்டில் எத்தனை சிவப்பு வரி என்று கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுகிறாள்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் மூன்று தாள் போதும். முதல் தாளில் உங்கள் 168 மணி நேரத்தை உள்ளபடி எழுதுங்கள், போனையும் சேர்த்து. மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தாளில் எல்லாப் பேப்பரின் எல்லா யூனிட்டையும் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு சின்னக் கட்டம்: புரிந்தது, மறுநாள், அடுத்த வாரம், மூன்று வாரம். மூன்றாம் தாள் காலியாக இருக்கட்டும். நேற்று வகுப்பில் நடந்ததை, புத்தகத்தைத் திறக்காமல், அதில் எழுதுங்கள். நாலு வரிதான் வந்தது என்றால் பரவாயில்லை. சிவப்புப் பேனாவை எடுங்கள்.